மோசமான வழியில் ஒரு டிக்கெட்

“பனிக்காலத்துல எந்த ஏர்போர்ட் ரொம்ப மோசம்? அதை முதல்ல சொல்லுங்க” என்றபடி வந்து உட்கார்ந்தார் பல் டாக்டர்.

டிக்கெட் அக்காவுக்கு முகம் மலர்ந்தது. அந்தத் தெருவில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை அவளுடையது. பெரியவர், சிறியவர், அவளைவிட மூத்த பல் டாக்டர் உட்பட எல்லாருக்கும் அவள் அக்காதான். வருகிறவர்கள் எது மலிவு என்றுதான் கேட்பார்கள். பனியைப் பற்றிக் கேட்க ஒரு மனிதர் வந்தது காதில் தேன் பாய்ந்த மாதிரி இருந்தது.

“யாருக்கு டாக்டர்?”

“என் பொண்ணுக்கு. வெளிநாட்டுல வேலை பார்க்கிறாளே, அடுத்த வாரம் லீவுக்கு வர்றா. நடுவுல ஒரு இடத்துல விமானம் மாறணும். அந்த இடத்தைத்தான் பார்த்துத் தேர்ந்தெடுக்கணும்.”

“அதை என்கிட்ட விடுங்க.” அக்கா கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். “இதோ இந்த ஏரிக்கரை ஊர் இருக்கே, இந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்கக் கூடாது. ஏரிக்காத்து அடிச்சா பனி மூட்டை மூட்டையாக் கொட்டும். அதுலயும் கடைசி விமானம்னா கேக்கவே வேண்டாம். ரத்தாச்சுன்னா மறுநாள்தான். காலையில முதல் விமானம்னா பரவாயில்ல, ஒண்ணு போனாலும் அடுத்தது வரும்.”

டாக்டர் எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி திரையை உற்றுப் பார்த்தார். “அங்க மாட்டிக்கிட்டா தங்க ஹோட்டல் இருக்கா?”

“ஒண்ணே ஒண்ணு. அதுலயும் எப்பவும் இடம் கிடைக்காது. விடிய விடிய நாற்காலியிலதான் கிடக்கணும்.”

“போனுக்கு சார்ஜ் போட?”

“அதை ஏன் கேக்கறீங்க, அங்க பாதி பிளக் வேலையே செய்யாது.”

“ரொம்ப நல்லது. அந்த வழியாவே போட்டுடுங்க. கடைசி விமானம்.”

அக்கா சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் பரம சாது. அவளுடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோது, “வலிக்குதாம்மா, வலிக்குதாம்மா” என்று கேட்டுக் கேட்டு அவரே கண் கலங்கியவர். அந்தக் கையா பெற்ற பெண்ணைப் பனியில் தள்ளப் பார்க்கிறது?

“டாக்டர், நான் சொன்னதை நீங்க தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டீங்க. இங்க பாருங்க, கடலோர ஊர் வழி. பனின்னா என்னன்னே அந்த ஊருக்குத் தெரியாது. போனோமா, மாறினோமா, வந்தோமான்னு இருக்கும்.”

“அதுல ஒரு வில்லங்கமும் வராதா?”

“வரவே வராது.”

“அப்ப வேண்டாம்.”

அக்கா தண்ணீர் குடித்தாள். “பொண்ணோட அம்மாவுக்கு இது தெரியுமா?”

“இந்த யோசனையே அவளோடதுதான்.”

“தப்பா நினைக்காதீங்க. இது நீங்க பெத்த பொண்ணுதானே?”

“ஒரே பொண்ணு” என்றார் டாக்டர் பெருமையாக. “தரையில விடாம வளர்த்தோம்.”

இப்போது மட்டும் தரையில் விடுவது யார் என்று கேட்க அக்காவுக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள். தன் கையால் டிக்கெட் வாங்கிப் போன ஒருவர்கூட இதுவரை ஏர்போர்ட் தரையில் படுத்ததில்லை என்பது அவள் ஊர் முழுக்கச் சொல்லிக்கொள்ளும் விஷயம். முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காகவும், தன் கடையின் பேருக்காகவும் ஒரு தில்லுமுல்லு செய்துவிடுவது என்று முடிவு செய்தாள். திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பி, சத்தமில்லாமல் கடலோர ஊரைத் தொட்டாள்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். “அக்கா, நீங்க கடலோரத்தை அமுக்கறீங்க.”

“கை தவறிடுச்சு” என்று அக்கா முணுமுணுத்தாள். பிறகு பொறுக்க முடியாமல் கொட்டிவிட்டாள். “டாக்டர், அடுத்த வாரம் அந்த ஏரிப் பக்கம் பனிப்புயலே வருதுன்னு சொல்லியிருக்காங்க. தெரிஞ்சே எப்படிப் போடறது? எனக்கு மனசு வரல.”

டாக்டர் நாற்காலி நுனிக்கு வந்தார். “புயல் உறுதிதானா?”

“உறுதிதான்.”

“அப்ப சட்டுனு போடுங்க, சீட்டெல்லாம் தீர்ந்துடப் போகுது.”

“விவரம் தெரிஞ்ச எவனும் அதுல ஏற மாட்டான். விமானமே காலியாத்தான் கிடக்குது” என்று வெடுக்கென்று சொன்னாள் அக்கா. விசைப்பலகையில் தன் கோபத்தையெல்லாம் காட்டி டிக்கெட்டைப் போட்டாள். போகிற வழியில் மேகத்தையாவது பார்க்கட்டும் என்று அந்தப் பெண்ணுக்கு ஜன்னலோர சீட்டு கொடுத்தாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

டாக்டர் டிக்கெட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “பக்கத்து சீட்டு காலியா இருக்கா?”

அக்காவுக்கு உயிர் வந்தது. “இருக்கே. ஏன் டாக்டர், பொண்ணுக்குத் துணையா யாராவது வர்றாங்களா?”

டாக்டர் வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

“சம்பந்தி, உள்ள வாங்க, உங்க பையனுக்குப் பக்கத்து சீட்டே கிடைச்சிடுச்சு. ஒரே ஊர்ல வேலை பார்த்தும், ஒரு தடவை நேர்ல பார்த்துப் பேசுங்கன்னு நாம கெஞ்சினா ரெண்டுக்கும் நேரமே இல்லையாம்ல, இப்ப அந்தப் பனியில எந்திரிச்சு எங்க ஓடுதுங்கன்னு பார்ப்போம்.”