திங்கட்கிழமை ரத்தம்

திரையில் முதல் எண் விழுந்தது. சிக்னே நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

காலையில் அவள் கையிலிருந்து எடுத்த ரத்தம். உறையாமல், உடல் சூடு குறையாமல், மூன்று குழாய்களில் நான்கு மணி நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

முதல் குழாயில் வெறும் ரத்தம். இரண்டாவதில் ஃப்ரோயா தீவுக் கடற்பாசியில் செய்த நுண்மணிகள். மூன்றாவதில் செத்த கிருமிகள். ரத்தத்துக்குக் கோபப்படத் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு. கோபம் கூடக்கூட எண் ஏறும்.

அந்த மணிகளுக்குள் இன்சுலின் சுரக்கும் செல்களை அடைத்து, சர்க்கரை நோயாளிகளின் வயிற்றில் வைக்க வேண்டும். ரத்தம் சம்மதித்தால். ஒன்பது வருடமாக எந்த மணிக்கும் அது சம்மதித்ததில்லை.

ஆய்வகத்தில் ஆளுக்கொரு முறை ரத்தம் கொடுப்பார்கள். இன்று சிக்னேயின் முறை. விடுப்பு மிச்சமிருந்தும் வந்துவிட்டாள்.

ஊசி குத்துமுன், உடன் வேலை செய்யும் பெரித் எல்லோரிடமும் கேள்விகளை வாய்விட்டுப் படிப்பாள். காய்ச்சல் உண்டா, இரண்டு வாரத்தில் மாத்திரை ஏதும் உண்டா. இன்று சிக்னேயிடம் எதையும் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. தாளை மட்டும் நகர்த்தினாள். பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் சிக்னேயின் பேனா 'இல்லை', 'இல்லை' என்று கீழே இறங்கிப் போனது.

ஆய்வு மேசையில் கைபேசி வைக்கக் கூடாது. அவளுடையது குழாய்களுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அதையும் யாரும் கண்டிக்கவில்லை.

இரண்டாவது எண் வந்தது.

"அடியே சிக்னே, இங்க பாருடி! உன் ரத்தம் குறட்டை விட்டுத் தூங்குது! நாளைக்கு நான் கேக் சுடுறேன், கருகிப்போனாலும் வாயைத் திறக்காம சாப்பிடணும், ஆமா!"

பெரித்தின் கண்கள் நிறைந்திருந்தன. சிக்னே சிரித்தாள். பதினாறு நாளில் முதல் தடவை.

மூன்றாவது எண் வந்தது. எகிறியிருக்க வேண்டியது, கால்வாசிகூட ஏறவில்லை.

திங்கட்கிழமை ரத்தம் சோம்பலாகத்தான் இருக்கும் என்று பெரித் தோளைக் குலுக்கினாள்.

சிக்னே சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தாள். தடிப்புகள் அடங்கியிருந்தன. வெள்ளிக்கிழமை வீடு முழுக்க, துக்கத்துக்கு வந்தவர்கள் கொண்டுவந்த வெள்ளை லில்லி. அன்று மாலையே முகமும் கையும் வீங்கி, டாக்டர் ஐந்து நாளுக்கு, உடம்பின் கோபத்தை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்தார். நான்காவது மாத்திரையை இன்று காலை காபியோடு விழுங்கியிருந்தாள்.

ரத்தம் சம்மதிக்கவில்லை. மயங்கிக் கிடந்தது.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அடுத்த கட்டத்துக்கு அனுமதி கேட்க அந்த இரண்டாவது எண் போதும்.

"பெரித், அந்தத் தாளை எடு. நான் தப்பா எழுதிட்டேன்."

'இல்லை'யை அடித்து 'ஆம்' என்று எழுதினாள். மாத்திரையின் பெயர். காரணம்: லில்லிப் பூ. பூ எதற்கு வந்தது என்ற கேள்வி தாளில் இல்லை.

பெரித் அதைப் படித்தாள். மூன்று எண்களின் மேலும் கோடு இழுத்தாள். பிறகு கேக்கைப் பற்றிப் பேசவில்லை.

சிக்னே கைபேசியை எடுத்தாள். மகன் ஐவினின் தோளில் ஒட்டியிருந்த சில்லு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவன் சர்க்கரை அளவை அதற்கு அனுப்பும். மணிகள் தயாரானதும் முதல் வயிறு என்னுடையது என்று சொல்லி வைத்திருந்தான்.

பதினாறு நாளாக அங்கே எண் இல்லை. இரண்டு சிறு கோடுகள் மட்டும்.