அவரவர் தட்டு

மேசைமேல் எட்டுத் தட்டுகள் வந்துவிட்டன. ஒன்பதாவது இன்னும் வரவில்லை.

சான் ரமோன் பூங்காவின் ஓக் மரத்தடியில், புளிசாதத்தைக் கிளறுகிற சாக்கில், வசந்தாமணி கார் நிறுத்துமிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது பேரும் கோயமுத்தூரில் ஒரே கல்லூரி விடுதியில் இருந்து, எழுபத்தெட்டில் பட்டம் வாங்கிப் பிரிந்தவர்கள். இருபத்திரண்டு வருடம் கழித்து இன்றைக்குத்தான் கூடுகிறார்கள்.

ஏற்பாடு முழுக்க வசந்தாமணி. குப்பைத்தொட்டிக்கு ஒரு துண்டுக் காகிதம்கூடப் போகக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். காகிதத் தட்டு கிடையாது, பிளாஸ்டிக் கரண்டி கிடையாது. மில்பிடாஸ் ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒரே வேனில் நெருக்கியடித்து வர வேண்டும். தட்டும் டம்ளரும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். தட்டை மறக்காதீர்கள் என்று மட்டும் மூன்று ஈமெயில்.

"பூமியக் காப்பாத்தறதுக்கு ஒருத்திய நியூஜெர்சிலிருந்து ஃப்ளைட்ல வர வெக்கறயாக்கும்?" என்று கேட்டார் அவள் கணவர் ஜெயபிரகாஷ்.

அந்த ஒருத்திக்காகத்தான் இத்தனையும்.

இதற்கு நடுவில் தோழிகளில் ஒருத்தி, சாரதா வேறு ஃபோன் பண்ணி, வாழையிலையே போட்டுவிடலாமே, அதைவிட இயற்கை உண்டா என்று கேட்டாள். வசந்தாமணி விடவில்லை. இலை வந்தால் தட்டுக்கு என்ன வேலை? இங்கே கிடைக்கிற இலையெல்லாம் எங்கிருந்தோ கப்பலேறி, உறைந்துபோய், பிளாஸ்டிக் உறையில் வருகிறது என்று அரைமணி நேரம் பிரசங்கம் பண்ணிச் சமாளித்தாள். சாரதா ஆளை விட்டால் போதும் என்று சரி சொல்லிவிட்டாள்.

இப்போது மேசையைச் சுற்றி ஒரே கூச்சல். தட்டுகளில் வெட்டியிருந்த பேர்களை ஆளுக்கொன்றாக எடுத்து உரக்கப் படித்துச் சிரித்தார்கள். ஒன்றில் மாமியார் பேர். இன்னொன்றில் நாத்தனார் கல்யாணத் தேதி. விடுதியில் சாப்பாட்டு மணி அடித்ததும் தட்டில் தாளம் போட்டுக்கொண்டு ஓடிய ஓட்டம், பருப்பைத் தேட வேண்டிய சாம்பார், விளக்கணைத்த பிறகு கட்டில் விட்டுக் கட்டில் தாவிய பேச்சு, எல்லாம் வரிசையாக வந்தது.

அந்த விடுதி வராந்தாவுக்கு ஒரே ஒரு நாள் திரும்பிப் போகலாம் என்றால் வசந்தாமணி கிரீன் கார்டைக்கூடத் தூக்கிக் கொடுத்துவிடுவாள். எந்த நாள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

தீபாவளி முடிந்த வாரம் அது. சாரதாவின் புதுத் தட்டைக் காணவில்லை.

விடுதியில் அலுமினியத் தட்டில் சாப்பிட்டவள் தனபாக்கியம் ஒருத்திதான். அவள்தான் எடுத்திருப்பாள் என்று எல்லாரும் மனதுக்குள் நினைத்ததை வசந்தாமணி வாய்விட்டுச் சொன்னாள்.

வார்டன் தனபாக்கியத்தின் தகரப் பெட்டியை வராந்தாவுக்கு இழுத்துவந்து கவிழ்த்தார். இரண்டு தாவணி, ஒட்டுப்போட்ட உள்பாவாடை, பாதி தேய்ந்த சோப்பு.

தட்டு இல்லை. அப்படியும் பேச்சு ஓயவில்லை. விற்றுவிட்டாள் என்றார்கள். தனபாக்கியம் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

படிப்பு முடிந்து ஊருக்குப் போய்ச் சாமான்களைப் பிரித்தபோதுதான் வசந்தாமணியின் பெட்டியடியில் ஒரு கச்சாய டின் வந்தது. தீபாவளிக்கு அம்மா கொடுத்தனுப்பிய வெல்லப் பலகாரம். மூடி எங்கோ தொலைந்து, எறும்புக்குப் பயந்து, கைக்கு அகப்பட்ட தட்டைக் கவிழ்த்து மூடி, துணி சுற்றிக் கட்டி, கட்டிலுக்கடியில் இருந்த பெட்டிக்குள் தள்ளி, மறந்தே போனது. உள்ளே மிச்சம் நாலு கச்சாயம் கல்லாகியிருந்தது.

தட்டைத் திருப்பினாள். மு. சாரதா, அறை 14.

வீடு மாறிய ஊருக்கெல்லாம் அந்தத் தட்டு கூடவே வந்தது. தனபாக்கியத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து கிழித்துப்போட்டாள். எல்லார் முன்னாலும் சொன்ன சொல்லை எல்லார் முன்னாலும்தான் திரும்ப எடுக்க வேண்டும். அதற்கு அவரவர் தட்டு வெளியே வருகிற ஒரு நாள் வேண்டியிருந்தது.

விமான நிலையத்திலிருந்து கார் வந்து நின்றது.

தனபாக்கியம் இறங்கினாள். தலை பாதி நரைத்திருந்தது. நடை அதேதான். எல்லாரையும் கட்டிக்கொண்டாள், வசந்தாமணியையும். பிறகு பையிலிருந்து ஒரு தட்டை எடுத்து வரிசையின் கடைசியில் வைத்தாள். நல்ல கனமான எவர்சில்வர்.

அதில் பேர் வெட்டியிருக்கவில்லை.

வசந்தாமணி பெஞ்சின்மேல் இருந்த தன் பைக்குள் கையை விட்டாள். தட்டின் விளிம்பு மட்டும் வெளியே தெரிந்தது.

அந்தக் கையை இன்னொரு கை பிடித்து மெல்ல உள்ளே தள்ளியது.

"உள்ளயே இருக்கட்டும், புள்ள" என்றாள் தனபாக்கியம், யாருக்கும் கேட்காதபடி. "அந்தக் கச்சாயத்த மொதல்ல எனக்குத்தான குடுத்த? டின்னு மேல கவுத்தியிருந்த சாரதா வட்டல நான் அன்னைக்கே பாத்துட்டேன்."

"அப்பறம் ஏன் சொல்லல?" என்றாள் வசந்தாமணி.

"சொல்லியிருந்தா உன்ற பொட்டியக் கவுத்தியிருப்பாங்கல்ல."

மேசையின் அந்தப் பக்கம் சாரதா, பசி உயிர் போகிறது, பரிமாறுங்கள் என்று கத்திக்கொண்டிருந்தாள்.

வசந்தாமணி கையை விடுவித்துக்கொண்டாள். பையை இரண்டு கையாலும் தூக்கி, எல்லார் முன்னாலும், மேசைமேல் கவிழ்த்தாள்.