வரிசையில் ஓர் இடம்

குழி வெட்டத் தொடங்கியிருந்த நால்வரும் ஏதோ கேட்டுவிட்டு, கடப்பாரையை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தார்கள்.

ஒருவனுக்கு வலது கன்னம் வீங்கியிருந்தது. மூன்று நாளைக்கு முன் அவனுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கியவர் அவள் கணவர். டார்ச் பிடித்தது அவள்.

"என்ன கேக்காங்க?" என்றாள்.

டாக்டர் மதார் பக்கத்தில் வந்து நின்றார். மேலப்பாளையத்துக்காரர். மருத்துவம் படிக்க கிர்கிஸ்தானுக்கு வந்து, இங்கேயே கல்யாணம் முடித்து, இருபது வருடமாக இருப்பவர். இவர்கள் வந்த நாளிலிருந்து இரண்டு பக்கத்துப் பேச்சையும் மாற்றிச் சொன்னவர் அவர்தான்.

"எந்தப் பக்கமா கிடத்தணும்னு கேக்காங்க, அக்கா."

பாளையங்கோட்டையிலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். பத்து நாள் ஊழியம். மலைக்கிராமத்தில் பல் மருத்துவ முகாம். முடிந்தால் கொஞ்சம் சுவிசேஷம்.

ஆறு பேரில் அவள் கணவர் பாக்கியநாதன் ஒருவர்தான் பல் டாக்டர். கொண்டுவந்த கைப்பிரதிகளை அவர் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. பாஸ்டர் கேட்டபோது சிரித்தார்.

"பல் வலியோட எவன் பிரசங்கம் கேப்பான், பாஸ்டர்? முதல்ல வலி போகட்டும்."

எட்டாம் நாள். கடைசி ஆளை அனுப்பிவிட்டுக் கை கழுவக் குனிந்தவர், அப்படியே உட்கார்ந்தார்.

மதார் அவர் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம்.

அவள்தான் மதாரின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

கணவாயில் மண் சரிந்து ரோடு அடைத்துக் கிடந்தது. ஒற்றையடிப் பாதையில் ஆட்கள் குதிரையில் இறங்கிவிடலாம். நான்கு பேர் சேர்ந்து ஒருவரைத் தூக்கிப் போக வழியில்லை. ரோடு திறக்க இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

சென்னையிலிருந்து மகன் போனில் அழுதான்.

"அப்பாவ அங்கயே விட்டுட்டா வரப்போறீங்க?"

சிக்னல் போய்விட்டது. அதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னாள். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

இப்போது சரிவில் நின்றுகொண்டிருந்தாள்.

அந்தக் கிராமத்தில் ஒரு கிறிஸ்தவர்கூட இல்லை. அவர்களுடைய கல்லறைகள் வரிசையாக இருந்தன. எல்லோருக்கும் தலை வடக்கே. எல்லோரும் வலப்பக்கம் ஒருக்களித்து, மேற்கே பார்த்து.

"நம்ம முறைப்படி கால் கிழக்க இருக்கணும்," என்றார் பாஸ்டர். "கர்த்தர் வரும்போது எந்திரிச்சா நேரா அவரப் பாக்கணும்லா."

மதார் அதை ஊர்ப் பெரியவரிடம் சொன்னார். பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் கை காட்டினார்.

"இந்த வரிசைக்குள்ள குறுக்க வெட்ட இடமில்லையாம். அங்க தனியா வெட்டித் தாரோம்ங்காரு. பாறைதான். ஆனாலும் வெட்டுவாங்களாம்."

அவள் ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

காற்று மட்டும் இருந்தது.

"பெறகு இங்க யாராவது வருவாங்களா?"

"பெருநாளைக்கு எல்லாரும் வருவாங்க, அக்கா. யாரு கல்லறைன்னு பாக்க மாட்டாங்க. இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் நின்னு நின்னு கையேந்தி துஆ செஞ்சிட்டுப் போவாங்க."

"ஓடைக்கு அந்தப் பக்கம்?"

மதார் இல்லை என்று தலையசைத்தார்.

அவள் விசாவில் இன்னும் இரண்டு நாள் இருந்தது. அவளுக்கு வயது அறுபத்து மூன்று.

"இந்த வரிசையிலேயே வைங்க."

"அம்மா," என்றார் பாஸ்டர். காலையில் மதாருடன் சேர்ந்து உடம்பைக் குளிப்பாட்டியவர் அவர். கண்கள் இன்னும் சிவந்திருந்தன. "ஊர்ல கேட்டா என்ன சொல்ல?"

"ஊரு இங்க வராது, பாஸ்டர்."

அவர் தலை குனிந்துகொண்டார்.

மண்வெட்டிகள் மறுபடி ஏறி இறங்கின. குழி இடுப்பளவு ஆழமானபோது மதார் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இவங்களை மாதிரி ஒருக்களிச்சு வைக்கட்டுமா, மல்லாத்தி வைக்கட்டுமா? உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி, அக்கா."

அவள் அவரைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருக்களிச்சே வைக்கச் சொல்லுங்க. மல்லாந்து படுத்தா அவருக்கு மூச்சு முட்டும்."

மதார் பெரியவரிடம் திரும்பினார். வாயைத் திறந்தார். கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பெரியவர் அவளைப் பார்த்தார். உள்ளங்கையைத் தன் கன்னத்துக்கு அடியில் வைத்து, தலையைச் சாய்த்துக் காட்டினார்.

இப்படியா?

ஆமாம் என்று தலையாட்டினாள்.

மதார் குழிக்குள் இறங்கினார். பாஸ்டரும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். இருவரும் அவரை வாங்கிக் கிடத்தினார்கள். புரண்டுவிடாமல் இருக்க முதுகுக்குப் பின்னால் மண் அணைத்தார்கள்.

பாஸ்டர் தமிழில் ஜெபித்தார். ஒரு சொல் புரியாமல் ஊரே கையேந்தி நின்றது.

மத்தியானம் பெரியவரின் மருமகள் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். சுவரோரம் கம்பளி விரித்தாள். படு என்று கையால் காட்டினாள். கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அவள் படுத்தாள்.

முப்பத்தெட்டு வருடமாகப் படுப்பதைப் போலவே, இடப்பக்கம் ஒருக்களித்து.

எதிரே ஓராள் படுக்க இடம் விட்டு.