மார்லிஸ் மடியில் இருந்த பெட்டி

அந்த அட்டைப்பெட்டியை மார்லிஸ் கீழே வைக்கவே இல்லை. பிரசவ வார்டுக்கு வெளியே நாலு மணி நேரமாக மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தாள். பிறக்கப்போகும் பேத்தியைக்கூட மாமியார் இவ்வளவு கெட்டியாகப் பிடிப்பாளா என்று, காபிக்காக வெளியே வந்த நீல்ஸுக்குச் சந்தேகமாக இருந்தது.

பெட்டியில் ஒரு பை, ஒரு ஊசி, கொஞ்சம் குழாய். குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தைப் பிடித்து அனுப்பினால் தனியார் வங்கி ஒன்று இருபது வருடம் உறையவைத்துக் காப்பாற்றும். குழந்தைக்கு என்றைக்காவது தேவைப்படலாம். பெரும்பாலும் தேவைப்படாது என்பதையும் விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

நீல்ஸின் சட்டைப்பையில் வேறொரு காகிதம் மடித்துக் கிடந்தது. அதே ரத்தத்தை முகம் தெரியாத நோயாளிக்குத் தானமாகக் கொடுக்கும் படிவம். துறைமுகத்தில் அவனோடு வேலை பார்க்கும் டீன் என்பவனின் மகள் அப்படி யாரோ கொடுத்த ரத்தத்தில்தான் பிழைத்தாள். அவள் சைக்கிள் விட்டதைப் பார்த்த அன்றைக்கே, நாமும் கொடுக்க வேண்டும் என்று நீல்ஸ் முடிவு செய்துவிட்டான். மனசுக்குள்தான்.

வாய் விட்டுச் சொல்ல டுலூத் நகரத்தில் யாருக்கு வருகிறது? யார் எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும்; மூன்றாவது தடவை வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவது தடவையும் மறுத்தவனோடு அந்த ஊரில் யாரும் சண்டை போட மாட்டார்கள். பத்து வருடம் ரொம்ப மரியாதையாகப் பேசுவார்கள், அவ்வளவுதான்.

நாலு மாதத்துக்கு முன் சாப்பாட்டு மேஜையில்தான் அது நடந்தது.

"ரத்தத்த பேங்க்ல வைக்க நான் ஏற்பாடு பண்ணட்டுமா? சர்ச்சுல எல்லாரும் பேரப்பிள்ளைங்களுக்குப் பண்றாங்க" என்றாள் மார்லிஸ்.

"ஐயோ, உங்களுக்கு எதுக்கு மார்லிஸ் சிரமம்."

"இதுல என்னப்பா சிரமம். பண்றேனே."

"பரவாயில்ல, இருக்கட்டும்."

"இல்ல, நெஜமாத்தான் கேக்கறேன்."

மூன்று தடவை கேட்டாகிவிட்டது. நீல்ஸ் மனைவியைப் பார்த்தான். பிரிட்டா தட்டில் பட்டாணியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"சரி, உங்க இஷ்டம். ரொம்ப தேங்க்ஸ்" என்றான்.

மார்லிஸின் கரண்டி ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இப்போது நர்ஸ் கதவைத் திறந்து கூப்பிட்டாள். மார்லிஸ் பெட்டியை அவன் கையில் கொடுத்து, "பத்திரம்" என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே பிரிட்டா பல்லைக் கடித்துக்கொண்டு வலியோடு போராடிக்கொண்டிருந்தாள். நர்ஸ் பெட்டியைப் பார்த்தாள்.

"தானம் கொடுக்கறதுன்னாலும் இங்கயே எடுத்துக்குவோம். இப்பவே ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். எதுன்னு சீக்கிரம் சொல்லுங்க, பிறந்தப்புறம் யோசிக்க நேரம் இருக்காது."

நீல்ஸின் கை சட்டைப்பைக்குப் போனது. டீனின் மகள் கண்முன் வந்தாள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிரிட்டா அவனைப் பார்த்தாள், அவன் பிரிட்டாவைப் பார்த்தான்.

"பெட்டியிலயே எடுத்துடுங்க" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது, நல்ல குரல். கூரியர்காரன் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போனான். மார்லிஸ் அவனை லிப்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவரக் கிளம்பினாள்.

பிரிட்டா குழந்தையை அணைத்தபடி மெதுவாகப் பேச்செடுத்தாள்.

"நீல்ஸ், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே."

"சொல்லு."

"என் பைல முன்னாடி ஜிப்பைத் திற."

திறந்தான். அதே தானப் படிவம். எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதி, கையெழுத்தும் போட்டு, நாலு மாதத்துக்கு முந்தைய தேதியோடு இருந்தது.

"அப்ப ஏன் நீ..."

"அன்னைக்கு நீ சரின்னுட்டியே. உனக்கு ஆசை போலிருக்கு, நான் ஏன் குறுக்க நிக்கணும்னு விட்டுட்டேன்."

நீல்ஸ் தன் சட்டைப்பையிலிருந்த காகிதத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் இன்னொரு பிள்ளை காத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பயந்தவனை அப்பா என்று கூப்பிடப்போகிறதே இந்தக் குழந்தை என்று வருத்தமாகவும் இருந்தது.

"விடு. அம்மாவுக்காவது சந்தோஷம்" என்றாள் பிரிட்டா.

மார்லிஸ் திரும்பி வந்தாள். போர்வைமேல் கிடந்த இரண்டு காகிதங்களையும் எடுத்து, கண்ணாடி போட்டு, நிதானமாகப் படித்தாள். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"சர்ச்சுல எல்லாரும் பண்றப்ப நான் கேக்காம இருக்க முடியுமா? நீங்க வேண்டாம்னு சொல்வீங்கன்னு நம்பித்தானே நான் கேட்டேன்."