பாக்கெட்டில் பாதி

"வந்துட்டான் பாரு, ஓசி."

அச்சகத்தில் மெஷின்மேன் இப்படிச் சொன்னால் பைண்டர் வருகிறான் என்று அர்த்தம். ஆள் நல்ல கனம். நாலு படி ஏறி வந்தாலே மூச்சு வாங்கும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கையை நீட்டுவான்.

"அஞ்சு குடுப்பா."

"நேத்து வாங்கினது?"

"தீர்ந்து போச்சு."

மெஷின்மேன் முணுமுணுத்துக்கொண்டே சட்டைப்பையில் கையை விடுவான். காலையில் வாங்குவது பத்து சிகரெட். அதில் பாதியைப் பைண்டர் கறந்துவிடுவான். "பின்கேட்ல போய்ப் பிடிச்சுக்கறேன். இங்க பேப்பர் இருக்கு பாரு" என்று நியாயம் வேறு. ஓடுகிற மெஷினை விட்டுவிட்டுக் கடைக்குப் போக முடியாது. மிச்சத்தை வைத்துக்கொண்டுதான் மெஷின்மேன் சாயங்காலம் வரை ஓட்ட வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் அச்சகத்தில் எல்லோருக்கும் உடம்பைச் சோதித்தார்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் பிரஷர் அதிகம். "நீங்க எடையைக் குறைங்க, நீங்க சிகரெட்டை விடுங்க" என்று ஆளுக்கொன்றாகச் சொல்லி அனுப்பினார்கள். ஒல்லியாக இருப்பவனுக்கு ஏது பிரஷர் என்பது மெஷின்மேனின் கட்சி. சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டான்.

பைண்டரோ அதற்கப்புறம்தான் ஓசி கேட்கவே ஆரம்பித்தான்.

"இருக்கிற உடம்புக்கு இது வேற கேக்குதா?" என்று எத்தனையோ தடவை கேட்டாயிற்று. பைண்டர் இளித்துக்கொண்டு நிற்பான். மானரோஷம் இல்லாதவனிடம் என்ன பேசுவது?

அன்றைக்குக் கட்டிங் மெஷின் பக்கத்தில் பைண்டர் அப்படியே சரிந்தான். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. மெஷின்மேன்தான் ஆள் பிடித்து, வண்டி பிடித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தான்.

டாக்டர் வெளியே வந்தார். "பிரஷர் எகிறிப் போயிருக்கு. இப்ப எதுவும் சொல்ல முடியாது, ரெண்டு நாள் போகட்டும். சிகரெட் பழக்கம் உண்டா?"

"ஒரு நாளைக்கு அஞ்சு சார். எல்லாம் என் பாக்கெட்லேர்ந்துதான்." மெஷின்மேன் தலையில் அடித்துக்கொண்டான். "கேக்கறான்னு குடுத்தேனே, என்னைச் செருப்பால அடிக்கணும்."

டாக்டர் எழுதிக்கொண்டார்.

"அதை அடிச்சிடுங்க டாக்டர்." பைண்டரின் மனைவி இதைக் கேட்டுக்கொண்டே ஓடி வந்து நின்றாள். "அவர் சிகரெட் பிடிக்கறதே இல்லை."

"உனக்குத் தெரியாது தங்கச்சி, வீட்ல மறைச்சிருக்கான். இப்ப நாம மறைச்சா ஆபத்து அவனுக்குத்தான்."

"மறைக்கலண்ணே. உங்ககிட்ட வாங்கறதையெல்லாம் பின்கேட்டுக் குப்பைத்தொட்டியில போட்டுட்டு வந்துடுவார். உங்களுக்கும் பிரஷர் இருக்காமே. விட்டுடுன்னு ஒரு தடவை சொன்னதுக்குச் சண்டைக்குப் போனீங்களாம்."

மெஷின்மேன் யோசித்துப் பார்த்தான். இரண்டு வருஷத்தில் பைண்டரின் வாயில் ஒரு சிகரெட்டைப் பார்த்ததாக ஞாபகமே இல்லை.

டாக்டர் எழுதியதை அடித்தார். "அப்ப எடைதான் காரணமா இருக்கணும். குறைக்கச் சொல்லி யாரும் சொல்லலையாம்மா?"

"நான் சொல்லாத நாள் இல்ல டாக்டர்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கேட்டா, 'என் வாயைத்தான் என்னால கட்ட முடியல, அவன் வாயையாவது பாதி கட்டறேன், விடு'ன்னுவார்."