வீட்டுக்கு ஒன்று மட்டும்

“முப்பதாம் தேதிக்குள்ள ஒன்பது ஸ்டோர் ரூமுக்கும் குடியிருக்கறவங்க கையெழுத்துப் போட்டாகணுமாம் மேடம். இல்லேன்னா பக்கத்து ஓட்டலுக்குக் குடோனாக் கொடுத்துடுவாங்களாம்!”

கட்டடக் கம்பெனியின் கடிதத்தை மேஜைமேல் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார் பொருளாளர். குடோன் என்றால் லாரி வரும். லாரி வர வேண்டுமென்றால் பின்பக்கம் பிள்ளைகள் விளையாடும் இடம்தான் வழி. அவருடைய இரட்டைப் பெண்கள் பள்ளிக்கூடம் விட்டால் அங்கேயேதான் பழியாகக் கிடக்கும்.

குடியிருப்புச் சங்கத்தின் புதுச் செயலாளரான அந்த அம்மாள் அசரவில்லை. துணிக்கடையில் இருபது வருஷம் நின்று விற்றவர்.

“வீடு வீடாக் கேட்டுப் பார்த்தீங்களா சார்?”

“கேட்காம இருப்பேனா? இருபத்தேழு வீட்லயும் ஒரே பாட்டு. ‘ஸ்டோர் ரூம்ல கொண்டு வைக்க எங்ககிட்ட என்ன சார் இருக்கு’ன்னு கேட்கறாங்க. கல்லுல நார் உரிக்கற கதைதான்.”

“வைக்க ஒண்ணும் இல்லைங்கறாங்க. ரூம் வேண்டாம்னு யாரும் சொல்லலையே?”

“ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?”

“துணிக்கடையில ரெண்டும் வேற வேற சார். அந்தச் சாவிக்கொத்தைக் கொடுங்க.”

கொடுத்தார். பொருளாளர் ஆன நாளிலிருந்து சாவி அவரிடம்தான் இருந்தது. ஆனால் ஸ்டோர் ரூம்கள் இருந்த அடித்தளத்துக்கு ஒருநாளும் இறங்கியதில்லை. எலி என்றால் மனிதருக்கு உயிர் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் முற்றம் சந்தையாக இருந்தது. ஆடுநாற்காலி, மீன் தொட்டி, கண்ணாடி அலமாரி, குழந்தைத் தொட்டில், பெரிய பெரிய பெட்டிகள் எல்லாம் துடைத்துப் பளபளவென்று வரிசையாக நின்றன. பக்கத்தில் ஒரு அட்டை: ‘இலவசம். வீட்டுக்கு ஒன்று மட்டும். பன்னிரண்டு மணி வரைதான்.’

செயலாளருடைய சொந்தக்காரர் யாரோ வீட்டைக் காலி செய்கிறார் போலிருக்கிறது என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டார்கள். பேச்சு வாயில் இருந்தாலும் கை ஆளுக்கொரு சாமானைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

“யாரோடது மேடம் இதெல்லாம்?” என்றார் பொருளாளர்.

“தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கலாமா? நீங்களும் ஒண்ணு எடுத்துக்குங்க. அதோ, உடற்பயிற்சி சைக்கிள். ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. இரண்டாம் மாடிக்காரர் அதையே சுத்திச் சுத்தி வர்றார்.”

அவ்வளவுதான். பொருளாளர் பாய்ந்து போய் சைக்கிளைக் கட்டிப்பிடித்தார். லிஃப்டில் நுழையாத அந்த இரும்பு ஜந்துவை மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறினார். இரண்டாம் மாடிக்காரர் வேறு வழியில்லாமல் மீன் தொட்டியோடு போனார்.

கதவைத் திறந்த மனைவி இடுப்பில் கை வைத்தாள்.

“என்னங்க இது?”

“சும்மா கிடைச்சுதும்மா!”

“சும்மா கிடைச்சா யானையையும் ஓட்டிட்டு வந்துடுவீங்களா? இதை எங்கே வைக்கறது? என் தலையிலயா?”

ஹாலில் வைத்தார், டிவி மறைந்தது. படுக்கையறையில் வைத்தார், கதவு மூடவில்லை. நாலு நாளில் சைக்கிள்மேல் ஈரத்துணிகள் ஏறின, அவர் ஏறவில்லை. மிதிகட்டையில் இடித்து இடித்து முழங்கால் வீங்கியதுதான் மிச்சம்.

“இன்னைக்குள்ள இதை எடுக்கலைன்னா, நானே இதைத் தெருவுல வச்சிடுவேன்” என்றாள் மனைவி.

தெருவிலா? காசு கொடுத்து வாங்கியதைக்கூடத் தூக்கிப் போட்டுவிடலாம். போட்டி போட்டுப் பறித்ததைப் போட யாருக்கு மனசு வரும்? பொருளாளர் செயலாளர் வீட்டுக்கு ஓடினார்.

அங்கே ஏற்கெனவே கூட்டம். மீன் தொட்டி வைக்க இடமில்லாமல் இரண்டாம் மாடிக்காரர், தொட்டிலை மாட்ட வீட்டில் குழந்தையே இல்லாத முதல் மாடிக்காரர், இன்னும் பலர்.

“மேடம், ஸ்டோர் ரூம் ஏதாவது...”

“ஆறு போயிடுச்சு சார். மூணுதான் பாக்கி. மூணு வீடு சேர்ந்து ஒரு ரூம்னா உங்களுக்கும் தரலாம்.”

பாக்கி மூன்றுதான் என்றதும் பொருளாளருக்குக் கை பரபரத்தது. வாடகை என்ன என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். சைக்கிளைக் கீழே கொண்டுபோய் வைக்கக் காவலாளியை அனுப்பினார்.

முப்பதாம் தேதி கம்பெனி ஆள் வந்தார். அடித்தளத்தில் இறங்கி ஒன்பது ரூமையும் திறந்து பார்த்தார். எல்லாவற்றிலும் சாமான், எல்லாவற்றுக்கும் கையெழுத்து. கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பின்பக்கம் இரட்டையர் போட்ட கூச்சல் முன்வாசல் வரை கேட்டது. பொருளாளருக்கு அந்தச் சத்தம் அவ்வளவு இனிப்பாக இருந்தது.

“பிள்ளைங்க இடத்தைக் காப்பாத்திட்டீங்க மேடம்! ஆனா ஒண்ணு, அத்தனை சாமானை உங்க சொந்தக்காரர் எப்படித்தான் சும்மா கொடுத்தாரோ?”

“எந்தச் சொந்தக்காரர்?” செயலாளர் சிரித்தார். “முன்னாடி குடியிருந்தவங்க அம்போன்னு விட்டுட்டுப் போன சாமான் சார் எல்லாம். ஒன்பது ரூமையும் அடைச்சுக்கிட்டுக் கிடந்தது, கேட்க நாதியில்லாம. இப்ப ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொந்தக்காரர் வந்துட்டீங்க. உங்க சைக்கிள்கூட நாலு வருஷமா இப்ப நீங்க வச்சிருக்கற அதே மூணாம் நம்பர் ரூம்லதான் இருந்தது!”