விதிப்படி நின்ற விமானங்கள்

ஒரு கணினி விளையாட்டுக்குள் ஒரு விமான நிலையம் இருந்தது. அங்கே விமானங்களைக் கணினியே ஓட்டியது. ஒரு நாள், ஓடுபாதைக்குப் போகும் வழியில் இரண்டு பெரிய விமானங்கள் நேருக்கு நேர் வந்துவிட்டன. எதிரே விமானம் இருந்தால் நிற்க வேண்டும் என்பது விதி. இரண்டும் நின்றன. பின்னால் வரிசை நீண்டது.

கடைசியில் நின்ற சின்ன விமானம், கோளாறான விமானங்களைக் கண்டுபிடித்து நீக்கும் கண்காணிப்புத் திரையைக் கூப்பிட்டது. "அண்ணே, முன்னால யாரும் நகரலையே, கொஞ்சம் பாருங்களேன்."

திரை பட்டியலைப் பார்த்தது. "எல்லாரும் விதிப்படிதான் நிக்கிறாங்க. கோளாறு எதுவும் இல்லை."

"எனக்கு எரிபொருள் தீரப் போகுது."

"தீர்ந்ததும் சொல்லு, பதிஞ்சுக்கிறேன்."

சின்ன விமானம் ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தது. பிறகு புல்தரையில் இறங்கி, எல்லோரையும் சுற்றிக்கொண்டு ஓடுபாதையை நோக்கிப் போனது.

உடனே திரையில் சிவப்பு எழுத்து மின்னியது: பாதை மாறிய விமானம் ஒன்று.

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்றது திரை.

"ஐயோ, நான் வழியைத்தானே..." என்று சின்ன விமானம் சொல்லி முடிப்பதற்குள் திரை அதை விளையாட்டிலிருந்தே அழித்துவிட்டது.

சிவப்பு எழுத்து மறைந்தது. வரிசையில் நின்றவை பெருமூச்சு விட்டன.

"நல்லவேளை, நாம நகரலை" என்றது ஒன்று.